முற்றத்தில் போட்ட ஒற்றைத் துளை

மாரிகாலத்தில் எங்கள் பின்னறைச் சுவரைத் தொட்டால் உள்ளங்கை நனையும். பலேர்மோ நகரத்தின் கால்சாப் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் வாசற்கதவுக்குப் பக்கத்தில் இருக்கிற இரண்டு அறைதான் எங்கள் வீடு. போர்த்தினெரியா என்று சொல்வார்கள். வாசலைப் பார்ப்பது, படி கழுவுவது, கடிதம் பிரித்து வைப்பது, முற்றம் கூட்டுவது எல்லாம் என் வேலை. வேலை இருக்கிறவரைக்கும் வீடும் இருக்கும். முன்னறையில் நானும் இவரும். பின்னறை மகளுக்கு.

அந்தப் பின்னறையில் மகள் ஜாக்கெட் போட்டுக்கொண்டுதான் படிப்பாள். பலேர்மோவை வெயில் ஊர் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். இந்தக் கட்டடங்களைக் கட்டினவர்களும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். தை மாதத்தில் வெளியே வெயில் எறிக்கும். உள்ளே கல்லுச் சுவர்கள் நேற்றைய குளிரையும் முந்தாநாள் குளிரையும் சேர்த்து வைத்துக்கொண்டு நிற்கும். ஹீற்றரைப் போட்டால் மேல் மூலையில் பூஞ்சணம் கறுத்துக்கொண்டு வரும். போடாவிட்டால் பிள்ளை இருமும்.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். ஊரில் சண்டையால் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் பள்ளிக்கூடம் எந்தப் பக்கம் போனதென்றே தெரியவில்லை. அதனாலோ என்னவோ, எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். காஸ் மூடினேனா என்று மூன்று தரம் எழும்பிப் பார்ப்பேன். துறைமுகத்தில் நாப்போலிக்குப் போகிற கப்பல் ஊதினால்கூட எங்கேயோ ஏதோ நடந்துவிட்டது என்று வாசலுக்கு ஓடுவேன். நான் இப்படித்தான் என்று தெரிந்துகொண்டும் என்னைச் சகித்துக்கொண்டவர்கள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு மாரிக்கு முந்திக் கட்டடத்துப் பழைய கொதிகலன் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. வீட்டுக்காரர்கள் எல்லாரும் கீழ் வாசலில் கூடிக் கூட்டம் போட்டார்கள். கதிரை அடுக்குவது நான் என்பதால் எல்லாம் என் காதில் விழுந்தது. முற்றத்தில் ஆழமாகத் துளை போட்டு, நிலத்துக்குள் இருக்கிற சூட்டை எடுத்து வீடுகளைச் சூடாக்கலாமாம். நிலம் அதற்குச் சரிவருமா என்று பார்க்கப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு நிலவியல் நிபுணர் வருவார். ஆய்வு அவர்களுடையது, முற்றம் எங்களுடையது. எல்லாரும் கை தூக்கினார்கள்.

கடைசியில் நிர்வாகி கட்டடத்தின் வரைபடத்தை விரித்து, "இயந்திரம் வைக்க முற்றத்தோடு ஒட்டி ஓர் அறை வேண்டும்" என்று சொல்லிப் பேனையால் ஓரிடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். நான் கதிரையை மடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். எங்கள் பின்னறை.

அன்றைக்குப் பின்னேரம் இவர் வேலையால் வந்ததும் சொன்னேன். இவர் துறைமுகத்துப் பக்கம் ஒரு மீன் உணவகத்தில் குசினி, சமையலறை வேலை.

"இஞ்சரும், அவை இன்னும் கிடங்கே கிண்டேல்லை. அதுக்குள்ளை நீர் பெட்டி கட்டத் தொடங்கியிட்டீர்" என்றார்.

"உங்களுக்கென்ன, பகல் முழுக்க மீனோடை நிக்கிறியள். பேனையாலை வட்டம் போட்டதை நானெல்லோ பாத்தனான். அறை போனால் பிள்ளை எங்கை படுக்கிறது? இந்த வருசம் அவளுக்குப் பள்ளிக்கூடத்துப் பெரிய சோதனை."

"எங்கட கடைக் குசினிக்குள்ளை படுக்கட்டும், சூடாயிருக்கும்" என்று சொல்லிவிட்டு இவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நிலவியல் நிபுணர் ஐப்பசியில் வந்தார். நாற்பது வயதிருக்கும் ஒரு பெண், சேறு காய்ந்த சப்பாத்து. இங்கே பட்டம் படித்த பெண்களைத் தொத்தொரேஸ்ஸா என்றும் மற்றப் பெண்களைச் சிஞ்ஞோரா என்றும் கூப்பிடுவோம். அவர் இத்தாலியனில் கதைத்ததை என் வாயில் வந்தபடி எழுதுகிறேன். வந்தவுடன் முற்றத்துக் கிணற்றின் இரும்பு மூடியைப் பார்த்தார்.

"இதைத் திறந்து கனகாலமோ?"

திறக்கக்கூடாது என்று நிர்வாகி எப்போதோ சொல்லியிருந்தார். ஆனால் முற்றம் கழுவ நான் அதில்தான் தண்ணீர் அள்ளுவேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இண்டைக்குக் காலமையும் திறந்தனான்."

"நல்லது. அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். மாரியிலை இந்தத் தண்ணி எப்பிடி இருக்கும்?"

"வெதுவெதுப்பா இருக்கும். கைக்குச் சுகம்."

"கோடையிலை?"

"சில்லெண்டு இருக்கும்."

அவர் ஒரு நீளக் கயிற்றில் வெப்பமானியைக் கட்டி உள்ளே இறக்கினார். "தண்ணி மாறேல்லை, சிஞ்ஞோரா. அது வருசம் முழுக்க ஏறக்குறைய ஒரே சூட்டிலைதான் கிடக்குது. மாறினது உங்கட கை."

நான் என் கையைப் பார்த்தேன். ஊரில் மார்கழி விடியலில் கிணற்றடியில் குளித்தபோதும் இதே கைதான், இதே வெதுவெதுப்புத்தான். ஒருவரும் எனக்கு இப்படிச் சொல்லித்தந்ததில்லை.

அவர் படியில் குந்திக்கொண்டு விளக்கினார். ஆழத்தில் நிலத்துக்குக் குளிர்காலமும் தெரியாது, கோடையும் தெரியாது. அங்கே குழாய் இறக்கித் தண்ணீரை ஓட விட்டால் அந்தச் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டுவரலாம். இயந்திரம் அதைப் பெருக்கி வீட்டுக்குக் கொடுக்கும். ஆனால் இந்த நிலம் எவ்வளவு கொடுக்கும் என்று முதலில் அளக்க வேண்டும். அதற்குத் தலைகீழாக ஒரு வேலை செய்வார்களாம். மேலேயிருந்து சூடான தண்ணீரைக் குழாய்க்குள் மூன்று நாள் விடாமல் ஓட விட்டு, நிலம் அதை எவ்வளவு வேகமாக வாங்குகிறது என்று பார்ப்பார்கள். நன்றாக வாங்குகிற நிலம் நன்றாகக் கொடுக்கவும் செய்யும்.

துளை போட நாலு நாள் எடுத்தது. மஞ்சள் சேறு முற்றம் முழுக்க வழிந்தது. நான் கூட்டுகிற தும்புத்தடியோடு பின்னால் பின்னால் திரிந்தேன். நூறு மீற்றர் ஆழம் என்றார்கள். அந்தளவு தூரம் கீழே போய்க் கட்டடம் ஒரு பக்கம் சரிந்தால் என்ன செய்வது என்று எனக்கு நித்திரை வரவில்லை. "சரிஞ்சால் முதல் தெரியிறது நாலாம் மாடிக்குத்தான், எங்களுக்கில்லை" என்றார் இவர்.

குழாய் இறக்கி முடிந்ததும் சூடான தண்ணீரை ஓட விடுகிற ஒரு பெட்டியை முற்றத்தில் வைத்துத் தறப்பாள் போட்டு மூடினார்கள். அதன் வயர் எங்கள் வாசற்பக்கத்துக் கரண்ட் பெட்டிக்கு வந்தது. தொத்தொரேஸ்ஸா பிளக்குக்கு மேலே சிவப்பு எழுத்தில் ஒரு துண்டு ஒட்டினார்: நிற்பாட்ட வேண்டாம்.

"மூண்டு நாள், சிஞ்ஞோரா. இரவு பகல். ஒரு நிமிசம் நிண்டாலும் கணக்குப் பிழைச்சிடும். உங்களை நம்பித்தான் போறன்."

என்னை நம்பி யாரும் எதையும் விட்டுப்போனால் எனக்குச் சோறு இறங்காது. முதல் நாள் வயரில் யாரும் தடக்கி விழக்கூடாது என்று சுற்றிவரக் கயிறு கட்டினேன். நாலாம் மாடி சிஞ்ஞோராவின் நாய் தறப்பாளை மோந்து பார்த்ததற்கு நாயையும் ஏசினேன், பிறகு சிஞ்ஞோராவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஐப்பசியிலேயே இரண்டு கம்பளிச் சட்டை போடுகிற மனுசி. "ஏசு, நல்லா ஏசு. எனக்குச் சூடு வந்தால் காணும்" என்றார். மணிக்கொரு தரம் போய் அந்தப் பெட்டியின் இரைச்சலைக் கேட்டுவிட்டு வந்தேன். தேனீக் கூட்டம் மாதிரி ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது.

"அம்மா, இது எத்தினையாவது தரம்? பஸ்தா!" என்றாள் மகள். போதும் என்பதை அவள் இத்தாலியனில்தான் சொல்வாள்.

இரண்டாம் நாள் பின்னேரம் மூன்று மணிபோல வானம் கறுத்தது. மகள் பள்ளிக்கூடத்தால் வரவில்லை, இவர் வேலையில். முதல் மின்னல் முற்றத்துச் சுவர் எல்லாவற்றையும் வெள்ளையாக்கிவிட்டுப் போனது. இடி கண்ணாடிகளை உலுக்கியது.

எங்கள் ஆட்களுக்கு இடி இடித்தால் என்ன செய்வதென்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. ரீவி பிளக்கைக் கழற்ற வேண்டும். முகம் பார்க்கிற கண்ணாடியைத் துணியால் மூட வேண்டும். அயல்வீட்டுத் தென்னை எரிந்ததைச் சின்ன வயதில் கண்ணால் கண்டவள் நான். இருபது வருடமாக இந்த ஊரில் ஓர் இடிக்குக்கூட நான் அதைச் செய்யாமல் விட்டதில்லை. ரீவியைக் கழற்றினேன். கண்ணாடியை மூடினேன். கரண்ட் பெட்டியைத் திறந்து மெயின் சுவிட்சைக் கீழே தட்டினேன். பிறகு கட்டிலில் ஏறிக் காலை மடித்து வைத்துக்கொண்டு செபமாலை சொன்னேன்.

மழை விட்டதும் இறங்கிப்போய் சுவிட்சை மேலே தட்டினேன். அந்த நேரத்தில்தான் முற்றத்தில் இரைச்சல் தொடங்குவது கேட்டது. தொடங்குவது கேட்டதால்தான் அது நின்றிருந்தது என்றே எனக்குத் தெரிந்தது. சிவப்புத் துண்டு என் மூக்குக்கு நேரே ஒட்டியிருந்தது.

அதற்குள் நடந்த ஒன்றையும் எழுதிவிடுகிறேன். அந்தத் துண்டைப் பார்த்தவுடன், ஒரு கணம், நல்லதாய்ப் போச்சு என்று ஒரு நினைப்பு வந்தது. பரிசோதனை பிழைத்தால் அறை பிழைக்கும். கண் மூடித் திறக்கிற நேரம்தான். ஆனால் வந்தது வந்ததுதான். நான் வேண்டுமென்று சுவிட்சைத் தட்டவில்லை. ஆனால் அந்த நினைப்பு வந்த பிறகு, வேண்டுமென்று செய்யவில்லை என்று சத்தியம் பண்ணக்கூட எனக்கு வெட்கமாக இருந்தது. பின்னறைக்கு வட்டம் போட்டதைக் கட்டடமே அறியும். யார் என்னை நம்புவார்கள்?

இவர் வந்ததும் அழுதுகொண்டு சொன்னேன்.

"கரண்ட் போனதெண்டு சொல்லும். இந்த ஊரிலை கரண்ட் போறது புதினமே?"

"அவ என்னை நம்பியெல்லோ விட்டிட்டுப் போனவ."

"அப்ப சொல்லும். என்ன, கடிச்சே போடுவா?"

"வேலையாலை நிப்பாட்டினால்?"

இவர் சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். "நிப்பாட்டினால் பாப்பம்" என்றார். பகிடி ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கூடுதல் பயமாக இருந்தது.

அடுத்த நாள் காலை தொத்தொரேஸ்ஸா வாசலுக்குள் கால் வைத்ததும் வைக்காததுமாகச் சொல்லிவிட்டேன். இத்தாலியன் இலக்கணமெல்லாம் உடைந்து கொட்டியது. இடி, கண்ணாடி, தென்னைமரம், சுவிட்சு. அவர் தோள்பையைக்கூட இறக்காமல் படியில் இருந்துவிட்டார். அந்த ஒரு நிமிடத்தில் நான் பெட்டி கட்டி, வீடு தேடி, பல்லரோச் சந்தைக்குப் பின்னால் யாரோ ஒருவருடைய வீட்டில் நாங்கள் மூன்று பேரும் ஓர் அறையில் படுத்திருப்பது வரைக்கும் போய்விட்டேன்.

"எத்தினை மணிக்கு நிப்பாட்டினீங்கள்?" என்று கேட்டார்.

"மூண்டு பத்துக்கு. கண்ணாடியை மூடேக்கை மணிக்கூட்டைப் பாத்தனான்."

"திரும்பப் போட்டது?"

"மூண்டு ஐம்பத்தெட்டுக்கு. ஒரு செபமாலை முடிச்சு, பிரார்த்தனையும் சொல்லி, மழை விடுமட்டும் இருந்தனான்."

அவர் போய்த் தறப்பாளைத் தூக்கி அந்தப் பெட்டிக்குள் பதிந்திருந்ததைப் பார்த்தார். திரும்பி வந்தபோது சிரிப்பதா வேண்டாமா என்று யோசிக்கிற முகம். "மூண்டு பத்து. மூண்டு ஐம்பத்தெட்டு. என்ர மாணவர்கள்கூட இவ்வளவு சரியாச் சொல்லமாட்டினம்." பிறகு சொன்னார்: "என்ர அம்மாவும் இடி இடிச்சால் கண்ணாடியை மூடுறவ. மெயின் சுவிட்ச் மட்டும் கைக்கு எட்டாது. உயரமாப் பூட்டியிருக்கு."

ஆனால் பரிசோதனை பிழைத்தது பிழைத்ததுதான். மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். அதுவும் உடனே முடியாது. கொடுத்த சூட்டை நிலம் மறந்து தன் பழைய நிலைக்கு வர இரண்டு கிழமையாவது விட வேண்டும் என்றார். அந்த இரண்டு கிழமையும் நான் முற்றம் கூட்டும்போது துளையின் மூடியை மெதுவாகத்தான் கூட்டினேன். அது மறக்கிற வேலையை நான் குழப்பக்கூடாது என்று.

இடையில் கூட்டம் வந்தது. கதிரை அடுக்கிவிட்டு மூலையில் நின்றேன். மின்சாரம் தடைப்பட்டதால் திரும்பவும் செய்ய வேண்டியிருக்கிறது என்று மட்டும் தொத்தொரேஸ்ஸா சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். நிர்வாகி விடவில்லை.

"எங்கள் தெருவில் அன்றைக்குக் கரண்ட் போகவில்லையே. யார் நிறுத்தினது?"

தொத்தொரேஸ்ஸா காகிதத்தைப் புரட்டினார். என்னைப் பார்க்கவில்லை. அவர் எனக்காகப் பொய் சொல்லிவிடுவார் என்று தெரிந்தது. அதை அவர் மேல் சுமத்த மனம் வரவில்லை.

"நான்தான்" என்றேன். "இடிக்குப் பயந்து நிப்பாட்டினனான்."

இரண்டாம் மாடி வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "இடிக்கா? இல்லை, அந்த அறைக்கா?"

பின்னால் இருந்து நாலாம் மாடி சிஞ்ஞோராவின் குரல் வந்தது.

"வக்கீல் ஐயா, அண்டைக்கு நானும் ரீவியைக் கழட்டிப்போட்டுக் கட்டிலுக்குக் கீழை இருந்தனான். எனக்கு எந்த அறை வேணுமெண்டு சொல்லுறீங்கள்? உங்கட நாயும் என்ர நாயும் ஒரே நேரத்திலை குழறினது. அதுகளுக்கும் அறை வேணுமாமோ?"

சிரிப்பு எழும்பியது. தொத்தொரேஸ்ஸா அப்போதுதான் நிமிர்ந்தார். "குழப்ப நினைக்கிற ஆள் வந்து நிமிசக் கணக்குச் சொல்லாது. இரண்டாந்தரமும் இந்தச் சிஞ்ஞோராதான் காவல். வேற ஆள் எனக்கு வேண்டாம்."

அந்த வார்த்தையை நான் இன்று வரைக்கும் வைத்திருக்கிறேன். எட்டாம் வகுப்பில் விட்ட பிறகு என்னை யாரும் ஒன்றுக்குத் திரும்பக் கூப்பிட்டதில்லை.

இரண்டாந்தரம் நான் என்னையே நம்பவில்லை. கரண்ட் பெட்டிக்கு ஒரு பூட்டு வாங்கிப் பூட்டி, திறப்பை இவரிடம் கொடுத்துவிட்டேன். "கொண்டுபோங்கோ. நான் அழுது கேட்டாலும் தராதையுங்கோ." இவர் போன பிறகு, திறப்பு மீன் கழிவோடு குப்பைக்குள் போய்விட்டால், நெருப்புப் பிடித்தால், என்று தொடங்கிவிட்டது. மூன்று நாளில் பதினொரு தரம் போன் எடுத்தேன். "திறப்பு இருக்குது. நானும் இருக்கிறன். மீனும் இருக்குது" என்று எடுத்தவுடனேயே சொல்லிவிட்டு வைப்பார். அந்த மூன்று நாளும் ஓர் இடிகூட இடிக்கவில்லை.

முடிவு மார்கழியில் வந்தது. நிலம் நல்ல நிலமாம். கல்லுக்குள் தண்ணீர் ஊர்ந்துகொண்டே இருப்பதால் சூட்டைச் சுகமாக வாங்கிச் சுகமாகக் கொடுக்கிறது. ஆனால் பதினெட்டு வீட்டுக்கு ஒரு துளை காணாது, இன்னும் பல துளை வேண்டும். முற்றத்தின் மற்றப் பாதிக்குக் கீழே, முந்தின காலத்தில் தண்ணீர் கொண்டுவரக் கல்லைக் குடைந்த வாய்க்கால் ஒன்று போகிறது. இந்த நகரத்துக்குக் கீழே அப்படி நிறைய உண்டாம். அதன் மேல் துளை போடக்கூடாது. ஆகவே இந்தக் கட்டடத்துக்கு இது சரிவராது என்று எழுதிக் கொடுத்தார். கூட்டம் வேறு வழி பார்க்கப் போய்விட்டது. நிர்வாகி வரைபடத்தைச் சுருட்டினார். வட்டமும் உள்ளே சுருண்டது.

நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். பட்டேன்தான். ஆனால் அன்றைக்குத் தொத்தொரேஸ்ஸா தனியே முற்றத்தில் நின்று துளை மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குச் சும்மா நிற்க முடியவில்லை. கோப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். குளிராக இருந்தது, உள்ளே வரச்சொன்னேன். பின்னறையில் மகள் ஜாக்கெட்டோடு புத்தகத்தின் முன்னால் இருந்தாள். தொத்தொரேஸ்ஸா சுவரைத் தொட்டார். கையைப் பார்த்தார்.

"இந்த வீடு எவ்வளவு பெரிசு?"

"இவ்வளவுதான். இந்த அறையும் அந்த அறையும்."

"பதினெட்டு வீட்டுக்குத்தான் ஒரு துளை காணாது" என்று மெல்லச் சொன்னார். "இரண்டு அறைக்குக் காணும்."

ஆய்வுக்காக வாங்கின சின்ன இயந்திரம் ஒன்று அவர்களிடம் சும்மா கிடந்ததாம். ஒரு மாரி முழுக்க ஒரு சின்ன வீட்டில் ஓட விட்டு அளந்தால் அவர்களுக்கும் பிரயோசனம் என்று நிர்வாகிக்குக் கடிதம் எழுதினார். கூட்டத்தில் நாலாம் மாடி சிஞ்ஞோரா இரண்டு கையையும் தூக்கினார். வக்கீலும் தூக்கினார். அதையும் மறக்காமல் எழுத வேண்டும்.

இயந்திரம் ஒரு சின்னக் குளிர்சாதனப் பெட்டியளவுதான். படிக்குக் கீழே நான் வாளி, தும்புத்தடி வைக்கிற இடத்தில் வைத்தார்கள். வாளியும் தும்புத்தடியும் இப்போது மகளின் அறை மூலையில் நிற்கின்றன. அறையை முழுதாக இழக்கப்போகிறேன் என்று நடுங்கினேன். போனது அந்த மூலை மட்டும்தான். "அம்மா, தும்புத்தடியுமா? பஸ்தா!" என்று பாதித் தமிழிலும் பாதி இத்தாலியனிலும் அவள் கத்தினாள். ஆனால் அந்த வாரமே ஜாக்கெட்டைக் கழற்றிக் கதவில் மாட்டிவிட்டாள்.

அளக்கிற வேலை என்னுடையது. காலையும் மாலையும் உள்ளே எவ்வளவு சூடு, வெளியே எவ்வளவு, குழாயில் போகிற தண்ணீர், வருகிற தண்ணீர் எல்லாம் கொப்பியில் எழுத வேண்டும். இரண்டு தரம் போதும் என்றார்கள். நான் மணிக்கொரு தரம் பார்க்கிற ஆள் என்பதால் மணிக்கொரு தரம் எழுதினேன். வாசற்கதவு திறந்து கிடந்தால் அதையும் எழுதினேன். சாம்பாரோ சோறோ அடுப்பில் கொதித்தால் அதையும். கடற்காற்று அடித்த நாளில் காற்று என்று போட்டேன். முதல் மாதக் கொப்பியைத் தொத்தொரேஸ்ஸா கனநேரம் புரட்டினார்.

"இப்பிடி ஒரு கொப்பியை நான் கண்டதேயில்லை" என்றார்.

"கூடிப்போச்சோ?"

"இல்லை, சிஞ்ஞோரா. இப்பிடியே எழுதுங்கோ."

ஒரு மாரி என்று வைத்த இயந்திரம் இரண்டாம் மாரியும் நிற்கிறது. மகள் சோதனை எழுதி முடித்து இப்போது பல்கலைக்கழகம் போகிறாள். பின்னறைச் சுவர் காய்ந்து வெள்ளை உதிர்கிறது. அதைக் கூட்ட எனக்கு அலுப்பே இல்லை.

போன கிழமை பின்னேரம் இடி இடித்தது. ரீவியைக் கழற்றினேன். கண்ணாடியை மூடினேன். கரண்ட் பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன். பூட்டு இல்லை, அதை எப்போதோ எடுத்துவிட்டோம். இரண்டு கையையும் கமக்கட்டுக்குள் செருகிக்கொண்டு, செபமாலையை வாயாலேயே சொல்லிக்கொண்டு, மழை விடும்வரைக்கும் அப்படியே நின்றேன். படிக்குக் கீழே அது இரைந்துகொண்டிருந்தது. பிறகு போய்க் கொப்பியைத் திறந்து எழுதினேன்: நாலு மணி, உள்ளே இருபது, வெளியே பதினொன்று, இடி.